படத்தில் உள்ள பெயர்களைத் தமிழாக்கும் முறை



நம் வகுப்பறைச் சுவர்களில் பல படங்கள் தொங்குகின்றன. பூவின் பாகங்களைக் காட்டும் படம், இதயத்தின் அறைகளைக் காட்டும் படம், மழை பெய்யும் விதத்தைக் காட்டும் படம் எனப் பலவற்றை நாள்தோறும் காண்கின்றீர்கள். அப்படங்களில் ஓவியம் மட்டுமன்றி, ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு கோடு புறப்பட்டு, அதன் முனையில் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். அப்பெயரையே நாம் இக்கட்டுரையில் பெயர்க்குறி என்று அழைப்போம்.

ஓவியம் எல்லார்க்கும் பொது. பெயர்க்குறியோ ஒரு மொழியைச் சார்ந்தது. சீனர் வரைந்த பூவும் தமிழர் வரைந்த பூவும் ஒன்றே. ஆனால், அதன்மேல் எழுதப்பட்ட சொல்லை அம்மொழி அறிந்தவர் மட்டுமே படிக்க இயலும். ஆகவே, வேற்றுமொழிப் படம் ஒன்று நம் கைக்கு வரும்பொழுது, ஓவியத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயர்க்குறிகளை மட்டும் தமிழுக்கு மாற்றினால் போதும். புதிய படம் ஒன்று நமக்குக் கிடைத்துவிடும். இது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால், கவனம் தவறினால் சரியான படம் பிழையான பாடமாகிவிடும். அதனை எவ்வாறு செம்மையாகச் செய்வது என்பதை இங்குக் காண்போம்.

1. இதன் தேவை யாது?

2003ஆம் ஆண்டில் நம் நாட்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடங்கின. அக்காலத்தில் ஆங்கிலப் பெயர்க்குறிகளைக் கொண்ட படங்களே மாணவர்க்கு மிகுதியும் பயன்பட்டன. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பாடம் மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. ஆனால், சுவரில் மாட்டிய படம் தானாகத் தமிழ் பேசுமா? யாரேனும் ஒருவர் அமர்ந்து அதன் பெயர்களை மாற்றினால்தான் பேசும்.

படத்தில் உள்ள சொல் மாணவனுக்கு மட்டும் உரியதன்று. மாலையில் பிள்ளை வீட்டில் புத்தகத்தை விரிக்கும்பொழுது, அருகில் அமரும் தாயும் தந்தையும் அதனைப் பார்க்கின்றனர். பெயர்கள் தமிழில் இருந்தால் அவர்களும் பாடத்தில் கலந்துகொள்வர். இல்லையேல், தமக்கு நன்கு தெரிந்த பொருளைப் பற்றிய படமாக இருந்தாலும் ஒதுங்கிவிடுவர். இதனை நான் நேரில் கண்டு உணர்ந்தேன்.

2. ஒரு தவறு கற்பித்த பாடம்

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான் பணியாற்றினேன். தோட்டத்துக் கிராணியார் பழைய ஆங்கிலப் படம் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். அது பால்மரத்தின் அடிமரத்தைக் குறுக்கே அறுத்துக் காட்டும் படம். மாணவர் யாவரும் பால்வெட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஆதலின் அதனைத் தமிழாக்கிப் பெற்றோர் தினத்தன்று காட்சிக்கு வைக்க எண்ணினேன்.

அப்படத்தின் பொருளை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பால்மரத்தின் வெளிப்புறத்தில் இருப்பது தக்கை. அதனை அடுத்திருப்பது கடினப்பட்டை. அதற்கும் உள்ளே இருப்பது மென்பட்டை. பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் இம்மென்பட்டையில்தான் மிகுதியாக உள்ளன. மென்பட்டைக்கு உள்ளே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதுவே வளர்திசுப் படலம். மரம் பருப்பதற்கும், வெட்டிய இடத்தில் மீண்டும் பட்டை வளர்வதற்கும் அதுவே காரணம். அதற்கும் உள்ளே இருப்பது கட்டை.

திறமையுள்ள பால்வெட்டுத் தொழிலாளி மென்பட்டை வரை கத்தியைச் செலுத்துவார். ஆனால், வளர்திசுப் படலத்தைத் தொடமாட்டார். அதற்கு முன்பாக ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை பட்டையை விட்டுவைப்பார். அப்படலத்தில் காயம் பட்டால் அவ்விடத்தில் முடிச்சு விழும். புதுப்பட்டை சீராக வளராது. பின்னாளில் அங்கே வெட்டுவது கடினமாகிவிடும். 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். ரப்பர்த் தொழில் இந்நாட்டில் வேரூன்றியதற்கு அம்முறை ஒரு முக்கிய காரணமாகும்.

இப்பொழுது என் கதைக்கு வருவோம். ஆங்கிலப் பெயர்களை மறைப்பதற்காக அவற்றின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டினேன். பெயர்களோடு சேர்த்துக் கோடுகளின் முனைகளும் மறைந்துவிட்டன. காய்ந்த பின்னர், நினைவில் இருந்தபடி கோடுகளை இழுத்துத் தமிழ்ப் பெயர்களை அழகாக எழுதினேன். படம் கண்ணைக் கவர்ந்தது. தலைமையாசிரியரும் பாராட்டினார்.

பெற்றோர் தினத்தன்று தாய் ஒருவர் அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். பிறகு தயக்கத்தோடு என்னிடம் வந்தார்.

"ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. படம் சரியாக இருக்கிறது, கோடுதான் மாறிப்போயிருக்கிறது. பாற்குழாய் என்று எழுதி, கட்டையை ஒட்டிக் கோட்டை இழுத்திருக்கிறீர்கள். அவ்வளவு ஆழத்துக்குக் கத்தி போனால் மரம் புண்ணாகிவிடும். கங்காணி எங்களைச் சும்மா விடமாட்டார்" என்றார்.

நான் திடுக்கிட்டு ஆங்கிலப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதே உண்மை. பாற்குழாய்க்கு உரிய கோடு வளர்திசுப் படலத்தையும், வளர்திசுப் படலத்துக்கு உரிய கோடு மென்பட்டையையும் காட்டின. நான் எழுதிய சொற்களில் பிழையில்லை; அவை நின்ற இடத்தில் பிழை இருந்தது. அப்படத்தை நம்பி ஒருவர் கத்தியைப் பிடித்தால், காக்க வேண்டியதை வெட்டிவிடுவார்.

"அம்மா, நீங்கள் சொல்லாவிட்டால் இப்பிழை இங்கேயே நிலைத்திருக்கும். மிக்க நன்றி" என்றேன்.

அதற்கு அவர், "இத்தனை நாளும் இந்தப் படம் ஆங்கிலத்தில் இருந்தது. நமக்கென்ன தெரியும் என்று பக்கத்தில் வராமல் இருந்தேன். தமிழில் எழுதியதால்தான் பார்த்தேன்" என்று கூறினார்.

மாணவர்களே! அன்று எனக்கு இரண்டு உண்மைகள் விளங்கின. பெயர்க்குறியை மாற்றுகிறவன் சொல்லை மட்டுமன்று, அது சுட்டும் இடத்தையும் காக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு படம் தமிழில் பேசத் தொடங்கினால், அதனைத் திருத்தும் அறிவுடையோர் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர் என்பது மற்றொன்று.

3. சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

பெயர்க்குறி ஒற்றைச் சொல்லாக நிற்பது. வாக்கியத்தில் ஒரு சொல்லின் பொருளை முன்னும் பின்னும் உள்ள சொற்கள் காட்டிக்கொடுக்கும். பெயர்க்குறிக்கு அத்தகைய துணை இல்லை. ஓவியமே அதற்குத் துணை. எனவே, அகராதியைத் திறக்கும் முன்னர் ஓவியத்தைப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் 'பார்க்' என்னும் சொல்லுக்கு மரப்பட்டை என்றும் பொருள். நாயின் குரைப்பு என்றும் பொருள். மலாயில் 'குலிட்' என்னும் சொல் மனிதரின் தோலையும், பழத்தின் தோலையும், மரத்தின் பட்டையையும், முட்டையின் ஓட்டையும் குறிக்கும். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முட்டையின் படத்தில் 'தோல்' என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும்.

இன்று கைப்பேசியைப் படத்தின் முன் பிடித்தால், அதிலுள்ள எழுத்தை மறைத்து வேறு மொழியில் காட்டும் செயலிகள் வந்துவிட்டன. அவை அவசரத்துக்கு உதவும். ஆயினும், ஒற்றைச் சொல்லைக் காணும்பொழுது அவை பொருளை மாற்றிவிடக்கூடும். பால்மரப் படத்தில் 'குரைத்தல்' என்று தோன்றினால் வியப்படையாதீர்கள். செயலி தரும் சொல்லைச் சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையது.

ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு வேறு கலைச்சொல் வழங்குவதும் உண்டு. மேலே கூறிய வளர்திசுப் படலத்தை இலங்கைப் பாடநூல்களில் மாறிழையம் என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கேம்பியம் என்று எழுதுவர். இவற்றுள் எதுவும் தவறன்று. ஆனால், ஒரே படத்தில் ஒரு சொல்லையும், அதன் விளக்கத்தில் மற்றொரு சொல்லையும் எழுதினால் மாணவர் குழம்புவர். நம் பாடநூலில் ஒரு சொல் இருக்குமாயின் அதனையே கொள்க. மக்கள் வழங்கும் சொல் வேறாக இருந்தால், அதனையும் அடைப்புக்குறிக்குள் எழுதுக. 'ரப்பர் மரம் (பால்மரம்)' என்று எழுதினால் பள்ளியின் சொல்லும் வீட்டின் சொல்லும் கைகோத்து நிற்கும்.

4. தாளில் மாற்றும் முறை

கணினி இல்லாத இடத்திலும் இவ்வேலையைச் செய்யலாம். தேவையானவை: படம், ஊடுதெரியும் தாள், பென்சில், அளவுகோல், வெள்ளைத்தாள், பசை, கறுப்பு மை.

அ. முதலில் படத்தின் படி ஒன்றை எடுத்து வையுங்கள். மூலப்படத்தில் கை வைக்க வேண்டாம்.

ஆ. ஒவ்வொரு பெயருக்கும் 1, 2, 3 என எண் இடுங்கள். ஒரு தாளில் எண்ணையும், மூலச்சொல்லையும், அது சுட்டும் பாகத்தையும், தமிழ்ச்சொல்லையும் அட்டவணையாக எழுதுங்கள். நான் செய்யத் தவறியது இதுவே.

இ. ஊடுதெரியும் தாளைப் படத்தின்மேல் வைத்துக் கோடுகள் அனைத்தையும் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டின் உள்முனையிலும் ஒரு புள்ளி இடுங்கள். அப்புள்ளியே கோட்டின் உயிர்நிலை.

ஈ. பெயரை மட்டும் மறைக்கும் அளவுக்கு வெள்ளைத்தாளை நறுக்கி ஒட்டுங்கள். கோட்டை மறைக்காதீர்கள்.

உ. தமிழ்ப் பெயரை எழுதி, ஊடுதெரியும் தாளை மீண்டும் மேலே வைத்துப் புள்ளிகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

தமிழ்ப் பெயர் பெரும்பாலும் மூலச்சொல்லை விட நீண்டிருக்கும். குறுகிய சொல் இருந்த இடத்தில் 'வளர்திசுப் படலம்' எவ்வாறு அடங்கும்? எழுத்தைச் சிறிதாக்கினால் பின்வரிசை மாணவர்க்குத் தெரியாது. அப்பொழுது பெயரை இரண்டு வரியாகப் பிரிக்கலாம். ஆனால், சொல்லின் நடுவில் உடைக்காமல் சொல் முடியும் இடத்தில் பிரிக்க வேண்டும். 'கி', 'கு' போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால், வரிகளுக்கு இடையே சற்று அதிக இடம் விடுவது நலம். அதுவும் போதாதெனில், படத்தில் எண்களை மட்டும் இட்டு, பெயர்களைக் கீழே பட்டியலாகத் தருக. எண் முறைக்கு மற்றொரு பயனும் உண்டு. பட்டியலை மட்டும் மாற்றினால் அதே படம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பயன்படும்.

5. கணினியில் மாற்றும் முறை

கணினிப் படங்கள் இருவகைப்படும். ஒன்று புள்ளிப் படம். மற்றொன்று கோட்டுருவப் படம்.

கைப்பேசியால் எடுத்த ஒளிப்படம் புள்ளிப் படம் ஆகும். அதில் எழுத்தும் ஓவியமும் வண்ணப் புள்ளிகளாகக் கலந்திருக்கும். கணினிக்கு அங்கே எழுத்து என்று தனியே ஒன்று இல்லை. எனவே, பழைய பெயரைப் பின்னணி வண்ணத்தால் பூசி மறைக்க வேண்டும். பின்னணி வெள்ளையாக இருந்தால் எளிது. இலை, மண், நீர் போன்றவை பின்னணியாக இருந்தால், அருகிலுள்ள பகுதியைப் படியெடுத்து அவ்விடத்தில் ஒட்ட வேண்டும். பின்னர், தமிழ்ப் பெயரைத் தனி அடுக்கில் எழுத வேண்டும். தனி அடுக்கில் எழுதினால் பிழை நேரும்பொழுது ஓவியம் கெடாமல் திருத்தலாம்.

கோட்டுருவப் படத்தில் வட்டம், கோடு, எழுத்து ஆகிய ஒவ்வொன்றும் தனிப் பொருளாகச் சேமிக்கப்படும். எஸ்.வி.ஜி. என்பது அத்தகைய கோப்பு வகை. அதற்கான நெறி 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் பழைய சொல்லை அழித்துவிட்டுப் புதிய சொல்லைத் தட்டச்சு செய்யலாம், மறைக்க வேண்டியதில்லை. ஒரே கோப்பில் பல மொழிப் பெயர்களை வைத்து, படிப்பவரின் மொழிக்கேற்பக் காட்டவும் இயலும். ஆனால், சில படங்களில் எழுத்துகள் ஓவியக் கோடுகளாக மாற்றப்பட்டிருக்கும். அவற்றைச் சொல்லாகத் திருத்த முடியாது. அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினி முதலில் 'க'வையும் பின்னர் உயிர்க்குறியையும் நினைவில் வைக்கின்றது. திரையில் காட்டும்பொழுது கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் இட வேண்டும். இவ்வொழுங்கை அறியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், சொல் சிதைந்துவிடும். எழுத்துரு இல்லாத கணினியில் சொற்கள் வெறும் கட்டங்களாகவும் தோன்றலாம். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980ஆம் ஆண்டுகளிலேயே 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கி, கணினியில் தமிழ் எழுதும் வழியை எளிதாக்கினார். 1991ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோட் முறையிலும் தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும், அச்சகத்துக்குப் படத்தை அனுப்பும் முன்னர் வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது அறிவுடைமை. எழுத்தை உருவக்கோடுகளாக மாற்றி அனுப்பினால் அது சிதையாது. ஆனால், திருத்தக்கூடிய மூலப்படி ஒன்றையும் நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. செய்யக் கூடாதவை

இடம் போதவில்லை என்று ஓவியத்தை இடவலமாகத் திருப்பக் கூடாது. பால்மரத்தின் பாற்குழாய்கள் நேராக மேலே செல்வதில்லை. சற்றே வலப்புறமாகச் சாய்ந்து ஏறுகின்றன. அதனாலேயே வெட்டுக்கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக இறங்குகின்றது. அப்பொழுதுதான் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் நன்கு வடியும். படத்தைத் திருப்பினால் இவ்வுண்மையும் திரும்பிவிடும்.

இதயப் படத்தில் 'இடம்', 'வலம்' என்னும் சொற்களை நம் பார்வைக்கேற்ப மாற்றக் கூடாது. படத்தில் இருப்பவர் நம்மை நோக்கி நிற்கின்றார். அவருடைய இடப்புறம் நமக்கு வலப்புறமாகத் தெரியும். மூலத்தில் உள்ளவாறே விடுவது முறை.

எண்களையும் அளவுகளையும் மாற்றக் கூடாது. வரைந்தவருடைய பெயரை அழிக்கக் கூடாது. பிறர் படத்தை அச்சிட அவருடைய இசைவைப் பெறுவதும், பெயர்க்குறிகளை மாற்றியவர் நாம் என்று ஓரத்தில் குறிப்பதும் நேர்மையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்தில் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி முதலியவற்றின் கொள்கலன்மேல் உள்ள எச்சரிக்கைப் படங்களை ஒருபோதும் மறைக்கக் கூடாது. அவற்றைத் தமிழில் விளக்க விரும்பினால், தனித்தாளில் எழுதி அருகில் தொங்கவிடுக. நஞ்சின் பெயர், கலக்கும் அளவு, முதலுதவி ஆகியவற்றை மூலத்தோடு இருவர் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்பொழுது மருத்துவர் தேடுவது மூலக்குறியையே. வகுப்பறைப் படத்தில் நேரும் பிழையை அழித்துத் திருத்தலாம். இங்கு நேரும் பிழை ஓர் உயிரையே பறித்துவிடக்கூடும்.

7. சரிபார்த்தல்

வேலை முடிந்ததும் மூன்று பேரிடம் படத்தைக் காட்டுங்கள். மூலமொழி அறிந்தவர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், அப்பொருளைக் கையால் தொட்டு வேலை செய்பவர் ஒருவர். முதலாமவர் பொருளைப் பார்ப்பார். இரண்டாமவர் எழுத்தைப் பார்ப்பார். மூன்றாமவர் கோடு சரியான இடத்தைத் தொடுகின்றதா என்று பார்ப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. மூன்றாமவரின் கண் பட்ட பின்னரே ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்.

முடிவுரை

நான் பணியாற்றிய தோட்டத்தில் இன்று பால்மரங்கள் இல்லை. அவை நின்ற இடத்தில் செம்பனை வளர்ந்துள்ளது. ஆயினும், திருத்தப்பட்ட அப்படத்தை நான் பத்திரமாக வைத்திருக்கின்றேன். அதன் ஓரத்தில் 'கோடுகளைத் திருத்தியவர்: பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு தாய்' என்று எழுதியுள்ளேன். அவருடைய மகள் அன்று அப்படத்தின் முன் நின்று, தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தாள். அக்குரல் இன்னும் என் காதில் ஒலிக்கின்றது.

மாணவச் செல்வங்களே! உங்களால் ஒரு பெரிய நூலை இன்றே மொழிபெயர்க்க இயலாது. ஆனால், ஒரு படத்திலுள்ள ஆறு சொற்களைத் தமிழாக்க இயலும். அந்த ஆறு சொற்கள் உங்கள் வீட்டில் ஒருவரையேனும் பாடத்தின் அருகில் அழைத்து வருமாயின், அது பெரும்பணியே ஆகும்.

பயிற்சி

1. பெயர்க்குறியை மறைக்கும் முன்னர் எண்ணிட்டு அட்டவணை எழுதுவது ஏன்?

2. புள்ளிப் படத்துக்கும் கோட்டுருவப் படத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. பால்மரப் படத்தை இடவலமாகத் திருப்பினால் நேரும் பிழையை விளக்குக.

4. செயல்: நம் நாட்டில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் சிலாங்கூரில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கப்பட்டது. செம்பனைப் பழம் ஒன்றை நெடுக்காக வெட்டி, அதன் படத்தை வரைக. வெளித்தோல், எண்ணெய் தரும் சதைப்பகுதி, ஓடு, உள்ளிருக்கும் பருப்பு ஆகிய நான்கையும் கோடிட்டுத் தமிழில் பெயர் எழுதுக. தோட்டத்தில் வேலை செய்யும் உறவினர் அல்லது அண்டைவீட்டார் ஒருவரிடம் காட்டி, அவர் கூறும் திருத்தத்தையும் அவர் வழங்கும் சொல்லையும் அதன் கீழே குறித்து வருக.